நாலு வருசத் தவிசாளர், முப்பத்தைந்து வருச வேலை



அன்பின் ஊரவர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கோபம் வந்தால் என்னோடு தாராளமாகக் கோபியுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

போன மாரியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்ததே, நினைவிருக்கும். எங்கள் பாடசாலைக்குப் பின்னால் போகும் பெரிய வடிகான் அடைத்துக்கொண்டது. முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பாடசாலைக்குப் பக்கத்தில் பதினைந்து இருபது வீடுகள். அதில் ஒரு வீட்டில் பிள்ளை பெற்று ஒன்பது நாளான தாய். நான் குடையைப் பிடித்துக்கொண்டு சபைக்குப் போனேன்.

சபை வளவுக்குள் பெக்கோ இயந்திரம் நிற்கிறது. நல்ல இயந்திரம். டயரில் சேறு கூட இல்லை. உத்தியோகத்தர் ஒருவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"மெசின் இரிக்கி சேர். ஓட்டுறவர் லீவு."

"வேறொருத்தரும் இல்லையா?"

"டிரைவர்மார் இரிக்காங்க சேர். ஆனா மெசின் ஓட்டத் தெரியாது. ரெண்டு பேருக்குக் கனரக லைசனும் இல்ல."

அதே நேரம் முன்விறாந்தையில் ஏழு பேர் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதில் மூன்று பேர் என் பழைய மாணவர்கள். என்னைக் கண்டதும் எழும்பினார்கள். ஒருவன் ஓடிப்போய் கதிரை கொண்டுவந்தான். இன்னொருவன் பிளேன்டி வாங்கிவந்தான். நல்ல பிள்ளைகள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஆனால் வடிகானை வெட்டத் தெரிந்த பிள்ளை அந்த ஏழு பேரில் ஒருவனும் இல்லை.

கடைசியில் பள்ளிவாசல் நிதியிலிருந்து காசெடுத்து, தனியார் பெக்கோ ஒன்றை மணித்தியாலக் கூலிக்குப் பிடித்தோம். சபைக்கு வரியாகக் கொடுத்த காசு ஒன்று. பள்ளிக்கு ஸதகாவாகக் கொடுத்த காசு இன்னொன்று. ஒரு வடிகானுக்கு ஊர் இரண்டு தரம் காசு கட்டியது.

அன்றிரவு அந்தப் படங்களைப் போட்டிருந்தேன். கட்டாரிலிருந்து என் இன்னொரு பழைய மாணவன் வொய்ஸ் அனுப்பினான். "சேர், நம்மட மெசின நான் பாத்திருக்கன். நான் இங்க ஓட்டுறதும் அதே மொடல்தான். நான் ஊர்ல இருந்திருந்தா ரெண்டு மணித்தியாலத்தில முடிச்சிக் குடுத்திருப்பன்."

அவன் கனரக இயந்திரம் இயக்கும் பயிற்சியை முடித்து, என்.வி.கியூ சான்றிதழ் எடுத்தவன். வெளிநாடு போவதற்கு முன்பு நம் சபைக்கு விண்ணப்பம் கொடுத்தான். வெற்றிடம் இல்லை என்றார்கள். அதே மாதத்தில்தான் வேறு சிலர் உள்ளே போனார்கள். அவர்களிடம் இருந்து இவனிடம் இல்லாத தகுதி ஒன்றே ஒன்றுதான். தேர்தல் காலத்தில் அவர்கள் பசை வாளி தூக்கியிருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். அன்றைக்கு வகுப்பறைக்குள் தண்ணீர் வந்தது மழையாலா?

நம் ஊரில் வேலை நடக்காவிட்டால் நாம் வழமையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று. காசில்லை, தவிசாளர் சரியில்லை, மேலிடம் தரவில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நான்காவது காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. யாரை வேலைக்கு எடுத்தோம், எப்படி எடுத்தோம் என்பதுதான் அது. சொன்னால் யாரோ ஒருவரின் மகனையோ மச்சானையோ சொன்னதாகிவிடும். அதனால் ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நான் இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

சபைக்குள் போவதற்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன.

முன்கதவு சட்டப்படியானது. 13ஆவது திருத்தத்தோடு உள்ளூராட்சி மாகாணத்தின் கைக்குப் போனது. 1987ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டத்தின்படி மாகாண அரச சேவைக்கான நியமன அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அதை அவர் மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குப் பாரப்படுத்தலாம். எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற ஆளணியை அங்கீகரிப்பது கொழும்பிலுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். பிறகு ஆட்சேர்ப்பு நடைமுறை, விண்ணப்பம் கோரல், போட்டிப் பரீட்சை, நேர்முகம். எழுதும்போதே களைப்பாக இருக்கிறது, அவ்வளவு நீளமான பாதை. கிழக்கு மாகாண சபைக்கு 2012க்குப் பிறகு தேர்தலே இல்லை. 2017 செப்டம்பரில் அதன் காலம் முடிந்தது. இந்தத் தாமதத்தைச் சபையில் எழும்பிக் கேட்க நமக்கு ஒரு மாகாண உறுப்பினர் கூட இல்லை. ஆகவே தொழில்நுட்ப உத்தியோகத்தர், வருமானப் பரிசோதகர், நூலகர், இயந்திர இயக்குநர் போன்ற படித்து, பழகி வரவேண்டிய கதிரைகள் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இரண்டு சபைக்கு ஓடுகிறார். ஒருவர் தன் வேலையோடு இன்னொருவரின் வேலையைப் பதில் கடமையாகப் பார்க்கிறார்.

பின்கதவு சின்னது. ஆனால் எந்த நாளும் திறந்திருக்கும். அமைய ஊழியர், பதிலீட்டுத் தொழிலாளி, நாட்சம்பளம், ஒப்பந்தம் என்று அதற்குப் பல பெயர். பரீட்சை இல்லை, விளம்பரம் இல்லை, முடிவுத் திகதி இல்லை. ஒரு துண்டுக் கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, "நம்மட ஆள்" என்ற இரண்டு சொல். அவ்வளவுதான். உள்ளே போனவர் காத்திருப்பார். எப்போதாவது தேர்தல் வரும், எப்போதாவது சுற்றறிக்கை வரும். 2014இன் கடைசியில் 25/2014 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. 180 நாள் சேவை முடித்த தற்காலிக, அமைய ஊழியர்களை நிரந்தரமாக்க அது வழி திறந்தது. 2015 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல். அந்தச் சுற்றறிக்கையால் வருடக்கணக்காக நாட்சம்பளத்தில் கஷ்டப்பட்ட எத்தனையோ ஏழைத் தொழிலாளிகளுக்கு விடிவு கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊர் அதிலிருந்து இன்னொரு பாடத்தையும் படித்துக்கொண்டது. "எப்படியாவது உள்ள போ. மிச்சத்த அரசாங்கம் பாத்துக்கும்."

முன்கதவைப் பூட்டி, பின்கதவைத் திறந்து வைத்தால் வீட்டுக்குள் என்ன நடக்கும்? தேவையான ஆள் இருக்கமாட்டார். இருக்கும் ஆளுக்குத் தேவை இருக்காது. நம் சபையின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி ஒரு கணக்கு. நான் வாத்தியார், கணக்கில்லாமல் என்னால் பேச முடியாது.

சபையின் பதவிக்காலம் சட்டப்படி நான்கு வருடம். அமைச்சர் நீடித்தால் ஐந்து. 25 வயதுப் பையன் ஒருவன் சபைக்குள் போகிறான், பிறகு நிரந்தரமாகிறான் என்று வையுங்கள். 60 வயதில் ஓய்வு. 35 வருடம். அதாவது நான்கு வருடத்துக்கு வந்த தவிசாளர், 35 வருடத்துக்கான முடிவை ஒரு பின்னேரத்தில் எடுத்துவிட்டுப் போகிறார். அவர் தோற்று, வீட்டில் இருந்து, பேரப்பிள்ளையைப் பார்க்கும் காலத்திலும் அந்த முடிவு சபை விறாந்தையில் உட்கார்ந்திருக்கும். அவர் போட்ட கொங்கிரீட் பாதை பத்து வருடத்தில் உடைந்துவிடும். அவர் போட்ட நியமனம் உடையாது.

அடுத்தது காசு. நிரந்தர ஆளணியின் சம்பளத்துக்கு அரசாங்கத்தின் மீளளிப்பு இருக்கிறது. ஆளணிக்கு வெளியே எடுத்தவர்களுக்குச் சபை தன் சொந்த வருமானத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, மேலதிகமாக 25 பேர், ஒருவருக்கு மாதம் 40,000 ரூபா என்று வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு 10 இலட்சம். வருடத்துக்கு ஒரு கோடி 20 இலட்சம். அது சந்தைக் கடை வாடகைக் காசு, வியாபார அனுமதிப்பத்திரக் காசு, சோலை வரிக் காசு. அது வீதி விளக்காகி இருக்கலாம், குப்பை ஏற்றும் உழவு இயந்திரமாகி இருக்கலாம், வாசிகசாலைக்குப் புத்தகமாகி இருக்கலாம்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது, கவனியுங்கள். வரி அறவிடப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. அதனால் வருமானம் குறைவு. வருகிற கொஞ்சமும் சம்பளத்துக்குப் போகிறது. அதனால் சேவை இல்லை. சேவை இல்லாததால் சனம் வரி கட்டுவதில்லை. "குப்பை எடுக்க வாறதில்ல, நான் ஏன் வரி கட்டணும்" என்று கேட்கும் கடைக்காரக் காக்காவுக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்பது நியாயம். ஆனால் அந்தச் சுழல் தொடங்கிய இடம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தவிசாளர் மாறினா எல்லாம் சரியாகும் சேர்" என்பவர்களுக்கு ஒன்று. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. செயலாளர்மார்தான் நடத்தினார்கள். அந்த இரண்டு வருடத்தில் நம் ஊரில் என்ன மாறியது? குப்பை அதே கிழமைக்கு ஒரு தரம், அதுவும் வந்தால். விளக்கு அதே இருட்டு. அரசியல்வாதி போனார், ஆனால் அவர் செய்த தெரிவுகள் போகவில்லை. சபை என்று நாம் சொல்வது மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்பவரை அல்ல. காலை எட்டரைக்கு வந்து கையெழுத்து வைப்பவர்கள்தான் சபை. அவர்கள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிழையான ஆளைப் போட்டால் கோப்புத் தாமதமாகும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மண்ணோடு மண்ணானார்கள். நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், நம் ஊர்களிலிருந்து போகும் குப்பையைத் தின்று யானைகள் சாகும் படங்களை உலகமே பார்த்தது. குப்பையைத் தரம் பிரிப்பது, கொட்டும் இடத்தை மேற்பார்வை செய்வது, கட்டட அனுமதி கொடுக்கும்போது தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பது, இறைச்சிக் கடையையும் ஹோட்டலையும் சோதிப்பது, இவையெல்லாம் தெரிந்தவர் செய்யும் வேலை. தெரியாதவர் செய்தால் உயிர் போகும் வேலை. உங்கள் மகனின் பல்லைப் பிடுங்க "நம்மட ஆள்" என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுப்பீர்களா?

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"ஏழைப் பொடியன்களுக்கு வேல குடுக்கிறது பாவமா சேர்?"

இல்லை. ஆனால் ஏழைப் பையன் என்றால் எந்த ஏழைப் பையன்? கட்டாரில் வெயிலில் இயந்திரம் ஓட்டுகிறானே, அவனுடைய வாப்பா மீன் வியாபாரம் செய்தவர். அவன் ஏழை இல்லையா? பின்கதவு ஏழைக்குத் திறப்பதில்லை. தெரிந்தவனுக்குத்தான் திறக்கிறது. நேரான விளம்பரம், நேரான நேர்முகம் இருந்தால்தான் யாரையும் தெரியாத ஏழைக்கு ஒரு வழி கிடைக்கும். சிபாரிசு என்பது பணக்காரனின் பரீட்சை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் பெண்பிள்ளைகள் எங்கே? உயர்தரத்தில் நல்ல பெறுபேறு, கணினி டிப்ளோமா, மூன்று மொழி. என் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் இரவில் போஸ்டர் ஒட்டப் போகமாட்டார்கள், வேட்பாளர் வீட்டு முற்றத்தில் காத்துக்கிடக்கமாட்டார்கள். ஆகவே பின்கதவு அவர்களுக்குக் கதவே இல்லை. சபை அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் பெண் உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் பரீட்சை எழுதி முன்கதவால் வந்தவர்கள். வேலை ஏதாவது நடக்கிறதென்றால் அவர்களுடைய மேசையில்தான் நடக்கிறது.

"அடுத்த ஊரான் தன்ட ஆளுகளப் போடுறான். நாம மட்டும் நியாயம் பாத்தா நம்மட சமூகம் நட்டப்படும்."

இதுதான் நம் மாகாணத்தில் எல்லா வாயையும் மூடும் வாதம். சிங்கள ஊரில் நம்மைக் காட்டுகிறார்கள், தமிழ் ஊரில் நம்மைக் காட்டுகிறார்கள், நாம் அவர்களைக் காட்டுகிறோம். மூன்று பேரின் வீதியிலும் விளக்கு எரியவில்லை. இனப் பாரபட்சம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, பட்டிருக்கிறோம். அதற்கு மருந்து மாகாணத்திடமும் நீதிமன்றத்திடமும் விகிதாசாரத்தைக் கேட்டுப் போராடுவது. நம் விகிதத்துக்கு நம்மில் தகுதி இல்லாதவரைப் போடுவதல்ல. நம் ஊர்ச் சபையில் தகுதியற்ற முஸ்லிம் இருந்தால் நட்டப்படுவது நம் ஊர் முஸ்லிம்தான். டெங்கு நுளம்பு அடையாள அட்டை பார்த்துக் கடிப்பதில்லை.

"அப்ப இருக்கிறவங்களத் துரத்தச் செல்றீங்களா?"

இல்லவே இல்லை. இதைத் திரித்துப் பேச வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். குறிப்பாக நம் சுகாதாரத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லமாட்டேன். சுபஹுக்கு நாம் பள்ளிக்குப் போகும்போது அவர்கள் வண்டியோடு தெருவில் நிற்கிறார்கள். பலருக்குக் கையுறை கூட ஒழுங்காக இல்லை. வருடக்கணக்காக நாட்சம்பளம். சபையில் உண்மையாக ஆள் பற்றாத பகுதி அதுதான். அங்கே போக நியமனம் பெற்ற சிலர், பிறகு "அலுவலக உதவி" என்ற பெயரில் நிழலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பங்கு வேலையையும் மற்றவர்களே சுமக்கிறார்கள். பிழையான ஆட்சேர்ப்பில் முதலில் அநியாயம் செய்யப்படுவது நேர்மையாக வேலை செய்யும் ஊழியனுக்குத்தான். எட்டரைக்கு வருபவனுக்கும் பத்தரைக்கு வருபவனுக்கும் ஒரே சம்பளம் என்றால், எட்டரைக்கு வருபவன் எத்தனை நாளைக்கு வருவான்?

இருப்பவர்களைப் பயிற்றலாம். இயந்திரம் ஓட்ட ஆசையும் உடம்பும் உள்ள இரண்டு பேரைத் தெரிந்து பயிற்சிக்கு அனுப்பலாம். கனரக லைசன் எடுக்க வைக்கலாம். விறாந்தையில் இருந்து எனக்குப் பிளேன்டி வாங்கி வந்தவனுக்கு 24 வயது. இன்னும் 36 வருடம் அவனை அந்தக் கதிரையிலேயே விட்டுவைப்பதுதான் அவனுக்குச் செய்யும் பெரிய துரோகம்.

"மேலிடம் ஆளணி தரேல்ல, நாங்க என்ன செய்யிற?"

பாதி உண்மை. அதற்கு எழுதுங்கள், கேளுங்கள், ஊரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆனால் அமையத்துக்கு எடுத்தவர்களை எடுக்கச் சொன்னது மேலிடம் இல்லையே. தேவையான பெக்கோ இயக்குநரை எடுக்க அதிகாரம் இல்லை, தேவையில்லாத ஏழு பேரை எடுக்க மட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

உறுப்பினர்களிடம் நியமன அதிகாரத்தை விட்டால் என்ன நடக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த விசயமல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1940களில், உள்ளூராட்சி ஊழியர்களுக்கென்று தனியான சேவை ஆணைக்குழு வேண்டுமென்று இந்த நாட்டில் சட்டம் செய்தார்கள். சபை உறுப்பினரின் கைக்கும் நியமனக் கடிதத்துக்கும் இடையில் ஒரு சுவர் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. நாம்தான் அந்தச் சுவரில் ஓட்டை போட்டோம்.

"நாம்" என்று சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன்.

பல வருடத்துக்கு முன் என் ராத்தாவின் மகனுக்கு வேலை இல்லை. ராத்தா அழுதாள். நான் ஒரு மஃரிபுக்குப் பிறகு, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, அப்போது செல்வாக்கோடு இருந்த ஒருவரின் வீட்டுக்குப் போனேன். ஒரு கிலோ பேரீச்சம்பழமும் கொண்டு போனேன். "சேர்ட மருமகனுக்கு இல்லாம ஆருக்கு?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் ஷுக்ருத் தொழுகையும் தொழுதேன்.

அவனுக்கு மோட்டார் சைக்கிள் திருத்துவதென்றால் உயிர். கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவான். அவனைச் சபை வேலைத்தளத்தில் போட்டிருந்தால் இன்று வாகனங்கள் எல்லாம் ஓடும். ஆனால் அன்றைக்கு வாசிகசாலையில்தான் ஒரு கதிரை காலியாக இருந்தது. அங்கே போட்டார்கள். போன மாதம் என் ஒன்பதாம் ஆண்டு மாணவி ஒருத்தி விஞ்ஞானப் புத்தகம் ஒன்று தேடிப் போயிருக்கிறாள். "அதெல்லாம் இல்ல, போ" என்று அனுப்பிவிட்டானாம். அடுத்த நாள் நானே போய்த் தேடினேன். மூன்றாவது இறாக்கையில் இருந்தது. தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. "போ" என்று சொன்னது அவன் வாயாக இருக்கலாம். அவனை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது நான்.

அவ்வளவு மட்டுமல்ல. எத்தனை நற்சான்றிதழில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறேன்! "பொறுப்பானவர், நேரம் தவறாதவர், இப்பதவிக்கு மிகப் பொருத்தமானவர்." என் வகுப்புக்கே நேரத்துக்கு வராதவனுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளிவாசல் நிருவாகம் கொடுக்கிறது, விளையாட்டுக் கழகம் கொடுக்கிறது, நாங்கள் ஆசிரியர்கள் கொடுக்கிறோம். பின்கதவின் பிணைச்சல்கள் நாங்கள்தான்.

மிம்பரில் அமானிதம் பற்றி எத்தனை ஜும்ஆ கேட்டிருப்போம். அமானிதம் என்றால் பக்கத்து வீட்டுக்காரி தந்துவிட்டுப் போன நகை என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். பொறுப்பைத் தகுதியானவரிடம் கொடுப்பதும் அமானிதம்தான். மூஸா நபியைக் கூலிக்கு அமர்த்தச் சொன்ன பெண்மணி தன் தந்தையிடம் அவரது குலத்தைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. பலத்தையும் நம்பகத்தன்மையையும் சொன்னார். அபூதர் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் பதவி கேட்டபோது, நபிகளார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அன்பு குறைந்தா மறுத்தார்கள்? அந்தப் பொறுப்பைத் தாங்கும் பலம் அவரிடம் இல்லை என்பதற்காக மறுத்தார்கள். அந்தத் தோழருக்கே இல்லை என்று சொல்லப்பட்டது. என் மருமகனுக்கு நான் ஆம் என்று வாங்கிக் கொடுத்தேன். ஹலால் ஹராம் என்று பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம், நியமனக் கடிதத்தை ஒரு தரமாவது திருப்பிப் பார்த்தோமா?

சரி, என்ன செய்யலாம்? அழுதுவிட்டுப் போக எழுதவில்லை. ஐந்து விசயம் கேட்கிறேன்.

ஒன்று. சபையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நிரப்பியது எத்தனை, வெற்றிடம் எத்தனை, அமையத்தில் எத்தனை பேர், எங்கே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் சபையின் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். ஆட்களின் சொந்த விபரம் தேவையில்லை. பதவியும் எண்ணிக்கையும் போதும்.

இரண்டு. இனி ஒரு நாள் சம்பளத்துக்கு ஆள் எடுத்தாலும் பகிரங்க அறிவித்தல் வேண்டும். சபையிலும், பள்ளிவாசலிலும், கோவிலிலும் ஒட்ட வேண்டும். முடிவுத் திகதி இருக்க வேண்டும்.

மூன்று. கையால் செய்யும் வேலைக்குக் கையால் செய்து காட்டும் சோதனை. சாரதி என்றால் ஓட்டிக் காட்டட்டும். மின் வேலை என்றால் கம்பத்தில் ஏறிக் காட்டட்டும். நேர்முகத்தின் புள்ளிகள் வெளியே வரட்டும். நேர்முகக் குழுவில் விண்ணப்பதாரரின் உறவினர் இருந்தால் எழும்பி வெளியே போகட்டும்.

நான்கு. உறுப்பினர்களே, மாதாந்த அமர்வில் ஒருவரையொருவர் ஏசுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த வருடம் யாரை எடுத்தோம், எதற்காக எடுத்தோம்?" ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் சேர்ந்து மௌனமாக இருக்கும் ஒரே விடயம் இதுதான். ஏனென்று ஊருக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் உள்ளே ஆள் இருக்கிறது.

ஐந்து. இது நமக்கு. நம்பிக்கையாளர் சபைகளே, கழகங்களே, அதிபர் ஆசிரியர்களே, சிபாரிசுக் கடிதத்தை நிறுத்துவோம். நான் இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன். நான் நேரில் கண்ட திறமைக்கு மட்டும், கண்டதை மட்டும் எழுதுவேன். சொந்தக்காரருக்கு எழுதவே மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தகவல் கேட்கப் பயப்படாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் ஆணைக்குழு.

வருகிற திங்கட்கிழமை பாடசாலை விட்டு, லுஹர் தொழுதுவிட்டு, மேலே முதலாவதில் கேட்ட அதே பட்டியலைக் கேட்டு என் பெயரில் விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். என் மருமகன் வேலை செய்யும் வாசிகசாலையையும் சேர்த்துத்தான் கேட்பேன். ராத்தா இதை வாசித்தால் கொஞ்ச நாளைக்கு என்னோடு கதைக்கமாட்டாள். நேற்று மருமகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "மாமா, என்ன வேலைத்தளத்துக்கு மாத்தித் தரச் செல்ல ஏலாதா?"

அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சிபாரிசாக அல்ல. அவனே, அவன் கையால், உரிய வழியில். என்ன வேலை தெரியும் என்பதைச் செய்து காட்டத் தயார் என்று.

அடுத்த மாரி வர இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. வடிகான் அதே வடிகான். இயந்திரம் அதே வளவில் நிற்கிறது. திங்கட்கிழமை என்னோடு வர விருப்பமுள்ளவர்கள் அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். வராதவர்கள் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.